கணுக்கால் மூட்டை இணைக்கச் சொல்கிறார்கள்: ஏற்காட்டுத் தோட்டத்து ஏற்ற இறக்கத்துக்குத் தாங்குமா?

காப்பித்தோட்டத்து_மகள்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. அப்பாவுக்கு 56 வயது. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி. 2009-ல் வலது கணுக்கால் முறிந்து, வெளிப்பக்கம் பிளேட்டும் உள்பக்கம் இரண்டு ஸ்க்ரூவும் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் ஐந்தாறு வருஷமாக வலி கூடிக்கொண்டே வருகிறது. இப்போது சரிவில் பத்து நிமிஷம் இறங்கினாலே உட்கார்ந்துவிடுகிறார். மாத்திரை, ஊசி, பெல்ட் எல்லாம் பார்த்தாயிற்று. சேலத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளியே இல்லை. டாக்டர் ஃப்யூஷன் செய்து மூட்டை ஒட்டிவிடலாம் என்கிறார்.

சர்க்கரை உண்டு, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 8.6. நாளுக்கு ஒரு கட்டு பீடி.

கேட்க வேண்டியது இதுதாங்க. ஒட்டிவிட்டால் கால் கட்டையாகிவிடாதா? முழங்காலுக்குச் செய்வதுபோல மூட்டு மாற்று ஏன் கூடாது? உள்ளே உண்மையில் என்ன செய்வார்கள்? எத்தனை மாதம் கால் ஊன்றக் கூடாது? மிளகு பறிக்கிற மாதங்களில் மூங்கில் ஏணி ஏற வேண்டியிருக்கும், அது முடியுமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

எலும்பு_மருத்துவம்_சேலம்

சகோதரி, நாம் கணுக்கால் என்று சொல்லும் இடத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு மூட்டுகள் இருக்கின்றன. மேலே, முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பான டிபியாவுக்கும் அதன் அடியில் உள்ள டேலஸ் எலும்புக்கும் நடுவில் இருப்பது பாதத்தை மேலும் கீழும் அசைப்பது. அதற்குக் கீழே, டேலஸுக்கும் குதிகால் எலும்புக்கும் நடுவில் இருக்கும் சப்டேலார் மூட்டு பாதத்தை உள்ளும் வெளியும் சாய்ப்பது. அப்பாவுக்கு இணைக்கப்போவது மேலே உள்ளதை மட்டும்தான். கீழ் மூட்டும் பாதத்தின் நடு மூட்டுகளும் நன்றாக இருந்தால், இணைத்த பிறகும் பாதத்தில் கொஞ்சம் அசைவு மிஞ்சும். சமதளத்தில் செருப்போடு நடக்கும்போது பார்ப்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. மலைச்சரிவு வேறு விஷயம், அதைப் பிசியோ பார்ப்பவர்கள் சொல்வார்கள்.

அதனால் முதலில் உறுதி செய்ய வேண்டியது, வலி எந்த மூட்டிலிருந்து வருகிறது என்பது. படுக்கவைத்து எடுத்த எக்ஸ்ரே போதாது. இரண்டு காலையும் ஊன்றி நிற்கவைத்து எடுக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் இடைவெளியும் குதிகால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் தெரியும். கீழ் மூட்டிலும் தேய்மானம் இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் சி.டி. எடுக்கலாம். இன்னொரு நல்ல சோதனையும் உண்டு. எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மேல் மூட்டுக்குள் மட்டும் கொஞ்சம் மரப்பு மருந்து செலுத்தி, ஒரு மணி நேரம் படி ஏறி இறங்கச் சொல்வது. வலி முழுக்க அடங்கினால் மேல் மூட்டை மட்டும் இணைத்தால் போதும். பாதிதான் அடங்குகிறது என்றால் மீதி வலி வேறு இடத்தில் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் இணைத்துவிட்டு, எக்ஸ்ரேயில் அழகாகக் கூடியிருக்கிறது, வலி மட்டும் போகவில்லை என்று நிற்பது இந்தச் சிகிச்சையில் அடிக்கடி நேரும் தவறு.

மூட்டு மாற்று பற்றி. கணுக்காலுக்கும் உலோகமும் பாலிஎத்திலீனும் சேர்ந்த செயற்கை மூட்டு உண்டு. ஆனால் இடுப்புக்கும் முழங்காலுக்கும் கிடைக்கும் ஆயுள் இதில் கிடைப்பதில்லை. சின்ன மூட்டு; உடல் எடையைப்போலப் பல மடங்கு அழுத்தம் அதன் மேல். சரிவில் சுமையோடு நடப்பவர், கட்டுப்படாத சர்க்கரை, பழைய அறுவைத் தழும்பு, பீடி என்று எல்லாம் சேர்ந்திருக்கும் ஒருவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தளர்ந்துவிட்டால் எடுத்துவிட்டு இணைப்பதற்கு எலும்பே குறைவாக இருக்கும். இடைவெளியை இடுப்பு எலும்புத் துண்டால் நிரப்ப வேண்டிவரும். வயதானவர், மெலிந்தவர், வீட்டுக்குள் நடமாட்டம், கீழ் மூட்டும் ஏற்கெனவே கெட்டிருக்கிறது என்றால் மாற்று பற்றி யோசிப்பதில் நியாயம் உண்டு.

இனி உள்ளே நடப்பது. முதுகில் மரப்பு ஊசி, தொடையில் ரத்த ஓட்டத்தை நிறுத்தும் டூர்னிக்கே பட்டை. வெளிப்பக்கமாகத் திறந்து செய்யலாம், முன்பக்கமாகத் திறந்து செய்யலாம், கோணல் அதிகம் இல்லாத காலுக்கு இரண்டு சின்னத் துளை வழியாக ஆர்த்ரோஸ்கோப் என்ற கேமராக் குழாய் வைத்தும் செய்யலாம். அப்பாவுக்குப் பழைய பிளேட்டை எடுக்க வேண்டியிருப்பதால் திறந்து செய்யவே வாய்ப்பு அதிகம்.

மிச்சமிருக்கும் குருத்தெலும்பை ஒரு துணுக்குகூட விடாமல் சுரண்டி எடுக்க வேண்டும். அதன் அடியில் கண்ணாடிபோல வழவழப்பான ஒரு கெட்டிப் படலம் இருக்கும். சிமென்ட் தளத்தின் மேல் புதுப் பூச்சு பூசும் முன் கொத்தனார் உளியால் கொத்திவிடுவாரே, அதே வேலைதான் இங்கேயும். 2 அல்லது 2.5 மி.மீ. டிரில்லால் நெருக்கமாகத் துளை போட்டு, மெல்லிய உளியால் மீன் செதில்போல எழுப்பிவிடுவோம். டூர்னிக்கேயைத் தளர்த்தினால் அந்தப் புள்ளிகளில் ரத்தம் முத்து முத்தாகத் துளிர்க்க வேண்டும். துளிர்க்காத இடத்தில் எலும்பு ஒட்டாது. எலும்பைச் சுழன்று தேய்க்கும் பர் கருவி வைத்துச் செய்தால் உப்புநீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே அதன் உயிரணுக்கள் கெட ஆரம்பிக்கும்.

அடுத்தது, எந்த நிலையில் ஒட்டுவது. பாதம் காலுக்குச் சரியாகச் செங்கோணத்தில், மேலே தூக்கியும் இருக்கக் கூடாது, கீழே தொங்கியும் இருக்கக் கூடாது. குதிகால் 0 முதல் 5 டிகிரி வெளிச்சாய்வில். பாதம் 5 முதல் 10 டிகிரி வெளிப்பக்கம் திரும்பி, இன்னொரு காலைப் போலவே. டேலஸ் முன்னால் துருத்தாமல், கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி டிபியாவின் அடியில். ஒட்டிய பிறகு இதை மாற்ற இன்னொரு அறுவைதான் வழி. அதனால் ஸ்க்ரூ போடும் முன் முழங்கால் சில்லுக்கும் பாதத்தின் இரண்டாம் விரலுக்கும் உள்ள கோட்டைக் கண்ணால் ஒருமுறை, எக்ஸ்ரே திரையில் ஒருமுறை பார்த்தாக வேண்டும். பாதம் கீழே தொங்கிய நிலையில் ஒட்டிவிட்டால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் பின்னுக்கு வளையும். சில வருஷத்தில் முழங்கால் வலிக்கும். உள்பக்கம் சாய்ந்து ஒட்டிவிட்டால் எடை முழுக்கப் பாதத்தின் வெளி விளிம்பில் விழுந்து அங்கே காய்ப்புக் காய்க்கும், நடுப்பாத மூட்டுகளும் இறுகிப்போகும்.

இந்த வைத்தியம் புதிதல்ல. ஆஸ்திரியாவில் எடுவார்ட் ஆல்பர்ட் 1870-களின் கடைசியில், வாதத்தால் தொங்கிய பாதங்களை நிலைநிறுத்த இதைச் செய்து ஆர்த்ரோடெசிஸ் என்று பெயரும் வைத்தார். எலும்பு முகங்களை அழுத்திப் பிடித்தால் சீக்கிரம் கூடும் என்பதை, வெளியில் கம்பியும் கிளாம்பும் வைத்து 1951-ல் சார்ன்லி எழுதிக் காட்டினார். இன்று அந்த அழுத்தத்தை உள்ளே இருக்கும் ஸ்க்ரூ தருகிறது.

கடைசியாக, தேதி குறிக்கும் முன் முடிக்க வேண்டிய வேலை. எச்பிஏ1சி 8.6 வைத்துக்கொண்டு அவசரமில்லாத இந்த அறுவைக்குப் போக வேண்டாம், 7.5-ஐ ஒட்டி இறக்குங்கள். வைட்டமின் டி பார்த்து 20-க்குக் கீழ் இருந்தால் ஈடுகட்டுங்கள். பழைய உலோகம் இருப்பதால் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்து உள்ளே தூங்கும் கிருமி இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். பாதத்தில் நாடித்துடிப்பு, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை வைத்து உணர்வு, இரண்டும் சோதிக்கப்பட வேண்டும். உணர்வு போயிருந்தால் திட்டமே மாறும்: இன்னும் பலமான பிடிப்பு, கால் ஊன்றாத காலமும் ஏறத்தாழ இரட்டிப்பு.

பீடி. இதைத் தனியாகச் சொல்கிறேன். நிகோடின் எலும்புக்குப் போகும் நுண்குழாய்களைச் சுருக்குகிறது. கணுக்கால் இணைப்பு பொதுவாக நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குக் கூடாமல் போகும். புகைப்பவருக்கு அந்த ஆபத்து மூன்று நான்கு மடங்கு. அறுவைக்கு ஆறு வாரம் முன்பே நிறுத்தி, எலும்பு கூடியது எக்ஸ்ரேயில் தெரியும் வரை தொடக் கூடாது. வாயில் அடக்கும் புகையிலையும் இதே கணக்குதான்.

தியேட்டர்_டெக்னீஷியன்_ஐந்துரோடு

சார் சொன்னதோடு கருவிப் பக்கம் இரண்டு விஷயம்.

2009-ல் எந்த மருத்துவமனையில் செய்தீர்களோ அங்கே கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டையும் பழைய எக்ஸ்ரேயையும் தேடி எடுத்து வையுங்கள் அக்கா. வெளிப்பக்கப் பிளேட்டில் பெரும்பாலும் 3.5 மி.மீ. ஸ்க்ரூ இருக்கும், அதன் தலைக்கு 2.5 மி.மீ. அறுகோண டிரைவர் வேண்டும். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி தலை மாறும், நட்சத்திர வடிவம்கூட உண்டு. பத்துப் பதினைந்து வருஷம் உள்ளே இருந்த ஸ்க்ரூவின் பள்ளத்தில் எலும்பும் சதையும் வளர்ந்து மூடியிருக்கும். கூர்முனையால் அதைத் துப்புரவாகக் குடைந்து எடுத்துவிட்டு டிரைவரை முழு ஆழம் இறக்கிய பிறகுதான் திருக வேண்டும். அரைகுறையாக மாட்டித் திருகினால் பள்ளம் வழுக்கிவிடும். பிறகு இடதுபக்க மரை போட்ட எக்ஸ்ட்ராக்டர் தேவைப்படும். அந்த செட் தயாராக இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்கச் சொல்வது தப்பே இல்லை. டூர்னிக்கே நேரம் இரண்டு மணிக்குள் முடிய வேண்டும் என்பதால், பழையதை எடுப்பதிலேயே நாற்பது நிமிஷம் போனால் முக்கிய வேலைக்கு அவசரம் வந்துவிடும்.

இணைக்கும் ஸ்க்ரூ பொதுவாக 6.5 முதல் 7.3 மி.மீ. தடிமன், நடுவில் துளை உள்ளது, முனையில் மட்டும் மரை உள்ளது. இரண்டு அல்லது மூன்று போடுவார்கள், ஒன்றையொன்று குறுக்காகப் போகும்படி. ஒன்று டிபியாவின் பின்பக்கத்திலிருந்து டேலஸின் கழுத்தை நோக்கிப் போனால் நல்ல பிடி. மரை நீளம் 16 மி.மீ., 32 மி.மீ. என்று வரும். இங்கேதான் கவனம் வேண்டும். மரை முழுவதும் மூட்டுக்கோட்டைத் தாண்டி டேலஸுக்குள் போயிருக்க வேண்டும். ஒரு சுற்று மரை கோட்டின் இந்தப் பக்கம் டிபியாவில் மாட்டிக்கொண்டாலும், எவ்வளவு திருகினாலும் இரண்டு எலும்பும் நெருங்காது. மரச்சட்டம் இரண்டைத் திருகாணி போட்டு இழுக்கும் தச்சருக்கு இது தெரிந்திருக்கும்: மேல் சட்டத்தில் திருகாணி சும்மா நழுவ வேண்டும், கீழ்ச் சட்டத்தில் கவ்வ வேண்டும். டேலஸ் சின்ன எலும்பு, ஆகவே பல நேரம் 16 மி.மீ. மரைதான் சரி. எலும்பு மெத்தென்று இருந்தால் தலைக்குக் கீழே வாஷர் போட வேண்டும், இல்லாவிட்டால் தலை உள்ளே புதைந்து இறுக்கம் போய்விடும். ஸ்க்ரூ முனை கீழே சப்டேலார் மூட்டுக்குள் எட்டிப் பார்க்கிறதா என்று பக்கவாட்டுப் படத்தில் பார்க்காமல் தையல் போடக் கூடாது. எட்டிப் பார்த்தால் நல்ல மூட்டையும் அது அரைத்துவிடும்.

வெளிப்பக்கச் சிறிய கால் எலும்பான ஃபிபுலாவின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்தால் அதைத் தூக்கிப் போட மாட்டார்கள். பொடித்து, மூட்டு ஓரத்தில் உள்ள பள்ளங்களில் எலும்பு மசாலாவாக அடைப்பார்கள். வேறு இடத்தில் எலும்பு எடுக்க வேண்டிய அவசியம் பல பேருக்கு இதனாலேயே வராது.

பிசியோ_அஸ்தம்பட்டி

நாள்கணக்கு கேட்டீர்கள். முதல் இரண்டு வாரம் பின்பக்க மாவுக்கட்டு. கால் இதயத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டூலில் வைப்பது போதாது, படுத்து இரண்டு தலையணை. கால்விரலை மணிக்கு ஒருமுறை அசைக்கட்டும். தையல் 14-ஆம் நாள், சர்க்கரை உள்ளவருக்கு மூன்றாம் வாரம் வரை விடுவதும் உண்டு. ஆறு வாரம் வரை கால் தரையில் படவே கூடாது. ஆறாம் வார எக்ஸ்ரே சரியாக இருந்தால் நடைபூட்ஸ் அல்லது நடைக்கட்டு போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றுவது. 12 வாரத்தில் மறுபடி எக்ஸ்ரே. பீடி, சர்க்கரை இருப்பதால் இந்தக் கணக்கில் ஒரு மாதம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வீக்கம் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷம்கூட மாலையில் வந்து போகும். அது மட்டும் பயப்படும் அறிகுறி ஆகாது.

கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றுங்கள் என்று சொன்னால் யாருக்கும் அளவு தெரியாது. வீட்டு எடை மிஷின் ஒன்று வாங்கி, அறுவை செய்த காலை அதன் மேல் வைத்து அழுத்தச் சொல்லுங்கள். முள் 20 கிலோவைத் தொடும்போது கால் எப்படி உணர்கிறது என்று பத்து முறை பழகட்டும். அந்த அளவோடு ஒரு வாரம் நடை. அடுத்த வாரம் 30. வலி கூடினால் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும்.

56 வயதுக்குக் கக்கக் கட்டையைவிட வாக்கர் பத்திரம். கட்டைதான் என்றால் அக்குளுக்கும் அதன் மேற்பட்டைக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும், முழங்கை கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும், பாரம் உள்ளங்கையில். அக்குளில் தொங்கினால் கை நரம்பு மரத்து மணிக்கட்டுத் தொங்கிப்போகும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கட்டையும் அறுவைக் காலும் முதலில்.

அறுவைக்கு முன்பே வீட்டில் இரண்டு ஏற்பாடு: வெஸ்டர்ன் டாய்லெட் அல்லது மருந்துக்கடையில் கிடைக்கும் துளை போட்ட கமோடு நாற்காலி, குளியலறையில் உயரமான பிளாஸ்டிக் ஸ்டூல். தோட்டத்து லைன் வீடு என்றால் வாசலில் கல்படிகள் இருக்கும். முடிந்தால் முதல் மூன்று மாதம் சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். தையல் பார்க்க, கட்டு மாற்ற என்று நாலைந்து முறை மலை இறங்குவது 20 கொண்டை ஊசி வளைவும் காலைத் தொங்கப்போட்டு வருவதாக இருந்தால் பாதம் பூசணிக்காய் மாதிரி வீங்கும். வர வேண்டியிருந்தால் காரின் பின்சீட்டில் குறுக்காக உட்கார்ந்து கால் சீட்டின் மேல் நீட்டியிருக்கட்டும்.

கட்டு போட்ட காலில் விரல்கள் நீலமாகி, மரத்து, மாத்திரைக்கும் அடங்காத வலி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கெண்டைக்கால் ஒருபக்கம் மட்டும் வீங்கி அழுத்தினால் வலித்தால், அல்லது மூச்சு திடீரென்று திணறினால், ரத்தக்கட்டி. அதுவும் அன்றே ஆஸ்பத்திரி.

எண்ணெய்க் கட்டு போடுபவரிடம் இடையில் கூட்டிப்போகாதீர்கள். கூடிக்கொண்டிருக்கும் எலும்பை நீவிவிட்டால் இளம் எலும்பு விரிசல் விடும்.

காப்பித்தோட்டத்து_மகள்

ரொம்ப நன்றிங்க. ஸ்க்ரூ விஷயம் அப்பாவுக்கே புரிந்துவிட்டது, தாத்தா தச்சு வேலை செய்தவர். இன்னும் சில கேள்வி. டைக்ளோபினாக் மாத்திரையைத் தினம் போடுகிறார், அறுவைக்குப் பிறகும் போடலாமா? கூடவில்லை என்பது வீட்டில் இருக்கும் நமக்கு எப்படித் தெரியும்? ஏணி, சரிவு, பைக் பற்றியும் சொல்லுங்கள். மழைக்காலத்தில் எல்லாரும் ரப்பர் பூட்ஸ்தான் போடுவார்கள்.

எலும்பு_மருத்துவம்_சேலம்

டைக்ளோபினாக் வகை வலி மாத்திரைகள் எலும்பு கூடுவதன் முதல் கட்டத்தைத் தடுக்கக்கூடியவை. இதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஒன்றிரண்டு நாள் போட்டால் ஒன்றும் ஆகாது என்பவர்களும் உண்டு. அப்பாவுக்கு ஏற்கெனவே சர்க்கரையும் புகையும் இருப்பதால் அந்த ஒரு பங்கு ஆபத்தையும் ஏன் சேர்க்க வேண்டும்? பாராசிட்டமாலும், முதல் சில நாளுக்கு மருத்துவர் தரும் வலுவான மருந்தும் போதும். சர்க்கரைக்காரருக்குச் சிறுநீரகத்தையும் யோசிக்க வேண்டும். தினமும் டைக்ளோபினாக் போடுகிறார் என்றால் கிரியேட்டினின் பாருங்கள்.

கூடாததன் அடையாளம்: மூன்று மாதம் கழித்தும் ஊன்றும்போது அதே இடத்தில் ஆழமான வலி, நடந்தால் கூடி ஓய்வில் குறைவது, தொட்டால் இளஞ்சூடு. எக்ஸ்ரேயில் மூட்டுக்கோடு மறையாமல் இருப்பது, ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பு வளையம், கடைசியில் ஸ்க்ரூ உடைவது. உடைந்த ஸ்க்ரூ நோய்க்குக் காரணமாவது அரிது. எலும்பு கூடாததால்தான் உலோகம் களைத்து உடைகிறது. எக்ஸ்ரே சந்தேகமாக இருந்தால் நான்காம் மாதம் சி.டி. பாருங்கள். கூடவில்லை என்று உறுதியானால் மறுபடி திறந்து, முகங்களைப் புதுப்பித்து, இடுப்பு எலும்பு வைத்துப் பலமாகப் பூட்ட வேண்டும். காயத்திலிருந்து நீர் கசிந்தால் அது வேறு கதை, கிருமி. சோதனைக்குச் சீழ் எடுக்கும் முன் வீட்டில் இருக்கும் ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்துவிடாதீர்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் எதுவும் வளராமல் போய்விடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மேல் மூட்டு நின்றுவிட்டதால் அதன் வேலை கீழ் மூட்டுக்கும் நடுப்பாதத்துக்கும் போகிறது. இருபது வருஷம் கழித்துப் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்த மூட்டுகளிலும் தேய்மானம் தெரிகிறது. எல்லாருக்கும் வலி வருவதில்லை, ஆனால் சிலருக்கு வந்து அதையும் இணைக்க வேண்டியிருக்கிறது. 30 வயதுக்காரரிடம் இதைப் பற்றி நீண்ட நேரம் பேசுவேன். 56 வயதில், பத்து நிமிஷ நடையே முடியாதவருக்கு, இன்றைய வலிதான் பெரிது.

பிசியோ_அஸ்தம்பட்டி

சரிவு. ஏறும்போது நம் பாதம் மேல்நோக்கி மடங்கும், முழங்கால் பாதத்தைத் தாண்டி முன்னால் போகும். இணைத்த காலில் அது நடக்காது, குதிகால் தரையை விட்டு எழுந்துவிடும். அதனால் நேராக ஏறாமல், காப்பி வரிசைகளுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாக வளைந்து ஏற வேண்டும். இறங்குவது இன்னும் கஷ்டம். பாதம் தட்டையாக இறங்காது, முழங்கால் முன்னால் தள்ளப்படும். குட்டிக் குட்டி அடி, பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து, இடது கையில் தடி. கைத்தடி எப்போதும் வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில். மேஸ்திரி வேலை என்பதால் ரோட்டை ஒட்டிய பகுதியில் ஆள் பிரிப்பது, எடை போடுவது, களத்தில் காப்பி உலர்த்துவதைப் பார்ப்பது என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு முன் தோட்டத்துக்குள் இறக்காதீர்கள். இப்போது மழை முடிந்து அறுவை வைத்தால் காப்பி பறிப்பு மாதங்கள் அப்படியே போய்விடும், அதற்கும் யோசித்துத் தேதி கேளுங்கள்.

ஏணி வேண்டாம். ஒற்றை மூங்கில் ஏணியில் கணுவில் கால் வைக்கும்போது பாதம் வளைந்து கவ்வித்தான் உடல் சமநிலை நிற்கிறது. அந்தக் கவ்வல் இனி இல்லை. சில்வர் ஓக் மேல் படர்ந்த மிளகுக்கொடி பறிப்பதைப் பிறர் பார்க்கட்டும். தரையில் நின்று பறிக்கும் கொக்கிக் கழி என்றால் தாராளமாக.

பைக்: வலது கால் என்பதால் பின் பிரேக் மிதி அந்தக் காலில்தான். பாதத்தை அழுத்திப் பிடிக்கும் அசைவு போய்விடுவதால் முழுக் காலையும் தூக்கி அழுத்த வேண்டியிருக்கும், வளைவில் அந்த ஒரு நொடி தாமதம் ஆபத்து. இரண்டு பிரேக்கும் கையில் இருக்கும் ஸ்கூட்டருக்கு மாறச் சொல்லுங்கள். எலும்பு கூடும் வரை அதுவும் கூடாது.

தரையில் சம்மணம் இடுவது முடியும், ஆனால் வெளிக் கணுவுக்குக் கீழே மடித்த துண்டு வையுங்கள், தழும்பு அழுந்தக் கூடாது. குந்தி உட்காருவது பழையபடி வராது.

காலணி_செய்பவர்_செவ்வாய்ப்பேட்டை

ரப்பர் பூட்ஸ் பற்றி அக்கா கேட்டதற்கு. போட முடியாது. முழங்கால் வரை வரும் பூட்ஸில் கால் நுழைய வேண்டுமானால் பாதத்தைக் கீழே நீட்டி வளைவைத் தாண்ட வேண்டும். செங்கோணத்தில் நின்றுவிட்ட பாதம் அந்த முழங்கை வளைவில் மாட்டிக்கொள்ளும். வலுக்கட்டாயமாகத் தள்ளினால் தழும்பு உரியும். கழற்றும்போது இன்னும் மோசம். அதற்குப் பதில் கணுக்காலுக்கு மேல் வரும், விரல் வரை நாடா முழுக்கத் திறக்கும் தோல் ஷூ, அல்லது பக்கவாட்டில் ஜிப் தைத்தது.

அடிப்பகுதிதான் முக்கியம். கடினமான அடி, அதன் கீழ் தொட்டில் மாதிரி வளைவு. வளைவு தொடங்கும் இடம் விரல் அடிமூட்டுகளுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் போய்விட்டால் உருளாது, இன்னும் பின்னால் வந்துவிட்டால் முன்னால் விழுவது போல இருக்கும். குதிகாலின் பின் பகுதியில் மெத்தென்ற ரப்பர் ஆப்பு ஒன்று. கால் தரையில் படும் அந்த அதிர்ச்சியை முன்பு மூட்டு வாங்கியது, இனி ஆப்பு வாங்கும். பள்ளம் மேடு நிறைந்த தோட்டத்துக்கு வளைவைக் கொஞ்சம் தாழ்வாக வைப்பேன். அதிக வளைவு வைத்தால் கல்லில் உருட்டிவிடும்.

மூட்டு முகங்களைச் சுரண்டியதால் கால் ஒரு சென்டிமீட்டர் வரை குட்டையாகலாம். அளவு எடுத்து உள்ளே குதிகால் உயரம் சேர்க்கலாம். இடது ஷூவும் அதே உயர அடியோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பு வலிக்கும். சர்க்கரை இருப்பதால் உட்பகுதி எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர், உள்ளே தையல் முடிச்சு கிடையாது. வீட்டுக்குள்ளும் பின்பட்டை உள்ள எம்.சி.ஆர். செருப்பு; ஹவாய் செருப்பு வேண்டாம். வீக்கம் வற்றாமல் அளவு எடுத்தால் மூன்று மாதத்தில் தளர்ந்துவிடும், கட்டு பிரித்து ஒரு மாதம் கழித்து, மாலை நேரத்தில் அளவு கொடுங்கள். புது ஷூ முதல் நாள் ஒரு மணி நேரம். கழற்றியதும் பாதத்தில் சிவந்த இடம் இருக்கிறதா பாருங்கள். இருபது நிமிஷத்தில் சிவப்பு மறையவில்லை என்றால் அந்த இடத்தைத் திருத்தக் கொண்டுவர வேண்டும்.

காப்பீடு_உதவி

செலவு பற்றி யாரும் சொல்லவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் தகுதி. ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. வருமானச் சான்று வேண்டும். அறுவைக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். அதற்குப் புது எக்ஸ்ரேயும் மருத்துவர் எழுதிய காரணமும் பதிவேற்றப்படும். அனுமதி வரும் முன் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டால் பிறகு திரும்பக் கேட்பது கடினம். திட்டத்தில் சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைக்கு மட்டும் ஒதுக்கப்பட்டவை. அப்பாவுக்கு எழுதிய சிகிச்சை எந்தப் பட்டியலில் வருகிறது என்று காப்பீட்டு மேசையில் கேளுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, அங்கேயும் ஒரு கருத்து வாங்கிக்கொள்ளலாம். எடுத்த எக்ஸ்ரேக்களைத் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள்.

காப்பித்தோட்டத்து_மகள்

அப்பா நேற்று ராத்திரியோடு பீடியை விட்டிருக்கிறார். பழைய டிஸ்சார்ஜ் சீட்டு பரணில் கிடைத்துவிட்டது, அதில் பிளேட் எட்டுத் துளை என்று எழுதியிருக்கிறது. மரப்பு ஊசி போட்டு நடக்கவைக்கும் சோதனையைப் போய்க் கேட்கிறேன். அன்றைக்குச் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு போகலாமாங்க?

எலும்பு_மருத்துவம்_சேலம்

போடலாம். அது ஊசிதான், வெறும் வயிறு தேவையில்லை. காலையில் சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, வலி மாத்திரை மட்டும் போடாமல் வரட்டும். வலி இருந்தால்தான் அடங்கியது தெரியும். தோட்டத்தில் போடும் அதே செருப்போடு வரச் சொல்லுங்கள். ஊசி போடும் முன் படி ஏறும்போது பத்துக்கு எத்தனை வலி, போட்டபின் எத்தனை என்று நீங்களே ஒரு தாளில் எழுதி அறுவை செய்பவரிடம் கொடுங்கள். மருந்தோடு ஸ்டீராய்டு கலக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை ஏறும், அறுவை பக்கத்தில் இருந்தால் கிருமிக்கும் வழி.